கேட்டேன் என்று எழுதிய சீட்டு

எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. பெரிய கடை வீதியில் யாராவது கையெடுத்துக் கும்பிட்டால் நானும் கும்பிடுவேன். யாரென்று தெரியாது. அவர் சிரித்துவிட்டால் போதும், மேல்வரிசையில் நான் அடைத்த பல் கண்ணில் பட்டதும் ஊர், பேர், எந்த வருஷம் வந்தார், ஊசியைப் பார்த்து எப்படிக் கத்தினார் எல்லாம் வந்துவிடும். என் மனைவிக்கு இது ஒரு வேடிக்கை. "கல்யாணத்தன்னைக்கு நான் சிரிக்காம இருந்திருந்தா பக்கத்துல நின்ன பொண்ணுக்குத் தாலி கட்டியிருப்பீங்க" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இந்தக் குறையால் எனக்கு ஒரு கெடுதல் வரும் என்று யார் நினைத்தார்கள்?

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் என் கிளினிக் இருந்தது. செங்குத்தான இருபத்திரண்டு படிகள். நோயாளியின் நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தேன். ஜன்னல் நிறைய மலைக்கோட்டை. ஊசியைக் கையில் எடுக்கும்போது, "மலைக்கு ஏறியிருக்கீங்களா?" என்று கேட்பேன். திருச்சிக்காரர் யாரும் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. எந்த வயதில், யாரோடு, எத்தனை தடவை என்று சொல்ல வாய் திறக்கும். திறந்த வாயில் என் வேலை முடிந்துவிடும். மணப்பாறைச் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயது சொல்லுகிற ஆசாமி, என் நாற்காலியில் உட்கார்ந்து தன் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பார். அவருக்கும் இந்த மலைதான் மருந்து.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. ஒருமுறை சர்க்கார் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் சாகிற வரைக்கும் பல் வைத்தியர்தான். அதற்குப் பிறகு என்ன படித்தாய் என்று கேட்பாரில்லை. இது சரியில்லை என்று ஊரிலிருந்த பல் வைத்தியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நாங்களாகவே ஒரு சங்கம் வைத்துக்கொண்டோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து யாராவது ஒரு பெரிய டாக்டரின் பேச்சைக் கேட்போம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். வருஷக் கடைசியில், எல்லாக் கூட்டத்துக்கும் வந்தவருக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதில் எங்களுக்குள் பெரிய போட்டி.

வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டிருந்தவர் உறையூர்க்காரர் ஒருவர். பட்டம் வாங்காதவர். பல் வைத்தியத்துக்குச் சட்டம் வருவதற்கு முன்பே பல வருஷம் தொழில் செய்துகொண்டிருந்தவர் என்பதால், சர்க்கார் பதிவேட்டில் தனிப் பகுதியில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். எங்களில் பட்டக்காரர்கள் பெஞ்சியில் சாய்ந்து கொட்டாவி விடுவோம். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்வார். நாக்கில் நனைத்தால் ஊதாவாக எழுதுமே, அந்தப் பென்சில். கூட்டம் முடியும்போது அவர் உதடெல்லாம் ஊதாவாக இருக்கும். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பட்டக்காரர்கள் மேல் அவருக்கு ஒரு மரியாதை. அதை நாங்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். வர முடியாது என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நம் கையெழுத்தை அவரே போட்டுவிடுவார். அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மறுநாள் காலையில் பேச்சின் குறிப்பை அழகாகப் பிரதி எடுத்து, மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். "கையெழுத்துப் போட்டுட்டேன் சார். இதைப் படிச்சிடுங்க. அப்பதான் எனக்குப் பாவம் வராது" என்பார். நான் வாங்கி, பஞ்சு வைக்கும் இழுப்பறையில் போடுவேன்.

அந்த ஐப்பசி மாதக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஏதாவது பெரிய காரணம் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து வந்து, ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, மழைக்குப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை உறையூர்க்காரர் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்து குறிப்பைக் கொடுத்தார். "நேத்திக்குப் பேசினது ரொம்ப முக்கியம் சார். விட்டுடாதீங்க" என்றார். இழுப்பறையில் போட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தகப்பனார் தன் பெண்ணை அழைத்து வந்தார். பத்தொன்பது இருபது வயது இருக்கும். இடது கன்னம் வீங்கியிருந்தது. தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்களாம், அதற்குள் வீக்கம் வடிந்து முகம் சரியாகிவிட வேண்டும். என்னை ஏன் தேடி வந்தார் என்பதையும் அவரே சொன்னார். சுவரிலிருந்த சான்றிதழைக் காட்டி, "மாசா மாசம் போய்ப் படிக்கறவராமே நீங்க! இங்கேயே அழைச்சுண்டு வந்துட்டேன்" என்றார். போன வருஷத்துச் சான்றிதழ் அது. அதிலும் நாலைந்து கையெழுத்து உறையூர்க்காரர் போட்டது.

ரத்தம் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும். ஆகவே கதவைத் திறந்தே வைத்துவிட்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கருவிகளைக் கொதிக்க வைத்துத் திரும்பிய பிறகும் அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, பயமா?"

"இல்லே. படி ஏறினேனே."

ஊசியை எடுத்தேன். வழக்கம்போல மலையைக் காட்டினேன். "ஏறியிருக்கியா?"

"ஏறினதே இல்லை. ஆத்துல விட மாட்டா" என்றாள்.

திருச்சியில் பிறந்து வளர்ந்து, தினம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண், ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை. நான் என்ன நினைத்தேன்? ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பம், ரங்கநாதரை விட்டுவிட்டுப் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க மலையேற விடுவார்களா என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுடைய ஆசாரத்தை நான் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமை வேறு. மனசுக்குள் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டேன்.

கீழ்த்தாடை, இடது பக்கம், இரண்டாவது கடைவாய்ப்பல். வேர் இரண்டும் உடையாமல் வந்தன. நல்ல வேலை. "வெளியிலே தெரியுமா டாக்டர்?" என்று பஞ்சைக் கடித்துக்கொண்டே கேட்டாள். "வாயைப் பிளந்து சிரிச்சாக்கூடத் தெரியாது" என்றேன். பல்லைக் காகிதத்தில் மடித்துத் தரக் கேட்டாள், கொடுத்தேன். வீக்கம் நாலு நாளில் வடிந்துவிட்டதாகத் தகப்பனார் ஆள் விட்டுச் சொன்னார். அத்தோடு அந்த வாயை மறந்துவிட்டேன்.

மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்து பஸ்ஸில் இடம் கிடைக்க ஆரம்பித்திருந்த சமயம், முற்பகலில் ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். கண்டோன்மெண்டில் வைத்தியம் பார்த்த ஒரு பெரிய டாக்டரின் கடிதம் அவர் கையில். பதிலையும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னாராம். கடிதத்தைப் பிரித்தேன்.

ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கு இரண்டு வாரமாக விடாத காய்ச்சல். டைபாய்டு போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. நெஞ்சில் ஒரு சத்தம் கேட்கிறது, ஆனால் ரத்தசோகையில் வருகிற சத்தமாகவும் இருக்கலாம். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டால் வீட்டில் இல்லை என்கிறார்கள். கல்யாணம் பேசுகிற வீடு, மறைக்கவும் கூடும். நீங்கள்தான் பல் எடுத்தீர்களாம். ஐப்பசியில் நான் பேசியபோது நீங்களும் இருந்தீர்கள், ஆகையால் பல் எடுக்குமுன் கேட்டிருப்பீர்கள். தனியாக இருந்தபோது உங்களிடம் ஏதாவது சொன்னாளா? பென்சிலின் போட்டீர்களா? இதுதான் கடிதம்.

பேச வருகிற டாக்டரும் கடைசியில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது எங்கள் சங்கத்து வழக்கம். தன் பெயருக்கு மேலே என் பெயரை அவர் பார்த்திருக்கிறார். என் முகம் அங்கே இருந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கம்பவுண்டரை உட்காரச் சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். பஞ்சுக்கு அடியில் உறையூர்க்காரரின் காகிதம் மடித்தபடி இருந்தது. ஊதா எழுத்து கொஞ்சம் பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது.

பல் பிடுங்குமுன் கேட்க வேண்டியவை என்று தலைப்பு. சின்ன வயசில் காய்ச்சலோடு மூட்டு மூட்டாக வீக்கம் வந்ததா? படி ஏறினால் மூச்சு வாங்குமா? ஆமாம் என்றால் இதயத்தில் பழுது இருக்கலாம். பல் பிடுங்கிய இடத்திலிருந்து கிருமி ரத்தத்தோடு போய் அந்தப் பழுதில் உட்கார்ந்துகொள்ளும். முன்னதாகவே பென்சிலின் போட வேண்டும். போடாமல் விட்டால் பிறகு விடாத காய்ச்சல் வரும். அதை டைபாய்டு என்று நினைத்து ஏமாறக் கூடாது.

இரண்டு தடவை படித்தேன். அவளுடைய மூச்சு என் காதில் கேட்டது. ஏறினதே இல்லை என்றாளே, அது பிள்ளையார் விஷயமே இல்லை. ஏற முடியாத பெண்ணை வீட்டில் ஏறவிடவில்லை.

நான் எழுத வேண்டியது என்ன என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். "கேட்கவில்லை. ஆனால் படியேறி வந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள். மலைக்கு ஏறியதே இல்லை என்றாள்." இந்த மூன்று வரி போதும். அந்த டாக்டருக்கு வேறு யாரும் சொல்லியிருக்க முடியாத செய்தி அது. இதை எழுதினால், உங்கள் பேச்சுக்கு நான் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். வராதவன் கையெழுத்து எப்படி வந்தது என்ற கேள்வி வரும். உறையூர்க்காரரும் மாட்டிக்கொள்வார், அவருக்காகவாவது சொல்லக் கூடாது என்று ஒரு நல்ல காரணத்தையும் தேடிப் பிடித்தேன். அவருக்காக ஒன்றுமில்லை. சுவரில் இருந்த சான்றிதழுக்காகத்தான்.

கம்பவுண்டர் மணி பார்த்தார். நான் சீட்டை எடுத்து, "கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்றாள். ஆகவே பென்சிலின் போடவில்லை" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். இது என் சொந்தக் கையெழுத்து.

பெரிய டாக்டர், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பவர், அவருக்குத் தெரியாமலா போகும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் வரை அது செல்லுபடியானது. பிறகு நிலைகொள்ளவில்லை. மறுநாள் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், போகவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காலையில், கண்டோன்மெண்டில் அவர் வீட்டு வாசல் வரைக்கும் சைக்கிளில் போனேன். வேப்பமரத்தடியில் நோயாளிகள் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், கூட்டம் குறைந்த பிறகு வரலாம் என்று சைக்கிளைத் திருப்பினேன். கூட்டம் குறைந்திருக்கும். நான்தான் போகவில்லை.

டைபாய்டுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்து, காய்ச்சல் இறங்காமல், பிறகு சந்தேகம் வலுத்து அவர் பென்சிலினுக்கு மாறியிருக்கிறார். அதற்குள் நாள் போய்விட்டது. பெண் பார்க்க வர வேண்டிய தை மாதம் முழுக்க அந்தப் பெண் படுக்கையில் கிடந்து, மாசி பிறந்த மூன்றாம் நாள் இறந்து போனாள்.

எனக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் கொடுமை. அந்த மாதக் கூட்டத்தில், பள்ளிக்கூடப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. கண்டோன்மெண்ட் டாக்டர் தாமாகவே வந்து பேசினார். ஒரு பெண் இறந்துவிட்டாள், அதிலிருந்து நாம் படிக்க வேண்டியது இருக்கிறது என்று ஆரம்பித்தார். பெயரெல்லாம் சொல்லவில்லை. "உங்களில் ஒருவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அவள்தான் மறைத்திருக்கிறாள். ஆகவே இனிமேல் கேட்பதோடு நிற்காதீர்கள். இல்லை என்று சொன்னாலும் முழுதாக நம்பாதீர்கள்" என்றார். எல்லோரும் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். நோயாளிகள் பொய் சொல்வார்கள் என்பது அன்றைக்குப் பாடம். என் பொய்யிலிருந்து எழுதப்பட்ட பாடம்.

வெளியே வந்ததும் உறையூர்க்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐப்பசிக் கூட்டத்தில் என் கையெழுத்து நான் போட்டதில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி, உதடெல்லாம் ஊதா.

"டாக்டரோட கம்பவுண்டரைக் கேட்டு நீங்கதான்னு தெரிஞ்சுக்கிட்டேன் சார். நான் குடுத்த குறிப்பைப் படிச்சிருக்கீங்க! பொண்ணு போயிடுச்சு, அது விதி. ஆனா நீங்க படிச்சுக் கேட்டீங்க பாருங்க, எனக்கு அது போதும்."

தன் கடை வாசலில் ஒரு பலகை மாட்டியிருப்பதாகவும் சொன்னார். சின்ன வயதில் மூட்டு வீங்கியவர்கள், படியேறினால் மூச்சு வாங்குபவர்கள் முதலிலேயே சொல்லிவிடவும் என்று பெரிய எழுத்தில் எழுதி, ஐப்பசியிலிருந்தே மாட்டியிருக்கிறார். அந்தத் தகப்பனார் பட்டமும் சான்றிதழும் பார்க்காமல் உறையூருக்குப் போயிருந்தால் பெண் பிழைத்திருப்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வருஷக் கடைசியில் எனக்குச் சான்றிதழ் வந்தது. மாட்டினேன். மாட்டாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் போய், பொய் சொன்னேன் என்று சொன்னேன். எத்தனை தடவை என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். யாரிடம், எதற்காக என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அன்றிலிருந்து நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரையும் கேட்டேன். எட்டு வயதுப் பிள்ளையிலிருந்து எண்பது வயதுக் கிழவர் வரை. பொய்ப்பல் கட்ட வந்தவரைக்கூடக் கேட்டேன். "என்ன டாக்டர், பல்லுக்கு வந்தா முட்டியைக் கேக்கறீங்க?" என்று உப்பிலியபுரத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் வேட்டியை உயர்த்தி முழங்காலைக் காட்டினார். கூட்டத்துக்கு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. காய்ச்சலோடுகூடப் போனேன். முன்வரிசையில் உறையூர்க்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் திருந்திவிட்டதாக அவருக்கு மகிழ்ச்சி.

இதற்கு நடுவில்தான் அது ஆரம்பித்தது. யாரையாவது கேட்பேன், அவர் இல்லை என்பார். அவர் சொல்வதற்கு அரைக் கணம் முன்பாக, நாற்காலியிலிருந்து ஒரு பெண் குரல், "இல்லை" என்று சொல்வது எனக்குக் கேட்கும். பயந்த குரலாக இராது. வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரல். முதலில் தலையை உதறிக்கொண்டேன். பிறகு அதோடு சேர்ந்து ஒரு தலையசைப்பும் வந்தது. கொஞ்ச நாளில் முழு ஞாபகமும் வந்துவிட்டது. நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன், அவள் ஜன்னலைப் பார்த்தபடி இல்லை என்கிறாள். நடக்காத ஒன்று நடந்தது போலவே நினைவில் உட்கார்ந்துகொண்டது. கேட்டேனோ என்னவோ என்று எனக்கே சந்தேகம் வருகிற நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் எனக்கு என்னைக் கண்டு உண்மையில் பயமாக இருந்தது. பட்டப்பகலில், ஜவுளிக்கடையில் கெஜக்கோல் தட்டுகிற சத்தத்துக்கு மேலே, அவள் சொல்லாத சொல் அவள் குரலில் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறேழு வருஷம் போயிற்று. ஒரு பங்குனி மாதக் காலையில், மடிசார் கட்டிய ஓர் அம்மாள் தனியாகப் படியேறி வந்தார். கன்னத்தில் கை. வழக்கம்போல முகம் அடையாளம் தெரியவில்லை. வாயும் நான் பார்த்த வாய் இல்லை. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது, எடுக்க வேண்டியதுதான். கருவிகளைக் கொதிக்க வைத்துவிட்டு வந்து கேட்டேன்.

"அம்மா, சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கினதுண்டா?"

அவர் கன்னத்திலிருந்த கையை எடுத்தார்.

"இதைத்தானே எங்காத்துப் பொண்ணையும் கேட்டேள்?" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நேக்கு வந்ததில்லை டாக்டர். அவளுக்குத்தான் வந்துது. பத்து வயசுல, முழங்கால் மூட்டு, கணுக்கால் மூட்டெல்லாம் வீங்கி மூணு மாசம் படுத்துண்டிருந்தா. நெஞ்சுல பழுதுன்னு ஒரு டாக்டர் சொன்னார். மலை ஏறப்படாது, ஓடப்படாதுன்னார். வெளியிலே தெரிஞ்சா யார் பண்ணிப்பா? யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லணும்னு அவளுக்கு நான்தான் சொல்லி வச்சேன். அந்தப் பெரிய டாக்டர் கேக்கறச்சே நானும் இல்லைன்னேன். கடைசியில வாயைத் திறந்தேன். அதுக்குள்ளே எல்லாம் முடிஞ்சு போச்சு."

நான் கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்தேன்.

"பல் டாக்டரும் கேட்டாராமே, அவர்கிட்டயும் இல்லைன்னாளாமேன்னு அந்தப் பெரிய டாக்டர் சொன்னார். அன்னிலேந்து அதுதான் நெஞ்சை அறுக்கறது. கேக்க வேண்டியவா கேட்டா. குழந்தை அம்மா பேச்சைத் தட்டாம பொய் சொல்லித்து. என் பேச்சைக் கேட்டதுனாலதான் போயிட்டா. பெருமாளைச் சேவிக்கப் போனாலும் அதுதான் முன்னாடி நிக்கறது. உங்ககிட்ட வந்து ஒரு தரம் சொல்லணும்னு தோணித்து. நீங்க சரியாத்தான் பண்ணினேள்."

என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்து அவ்வளவு மரியாதையோடு பேசியதில்லை. அப்படியே விட்டுவிடலாம். அவருக்கு வயதாகிவிட்டது, இத்தனை வருஷம் சுமந்தவர் இன்னும் கொஞ்சம் சுமப்பார், எனக்கு ஒரு குறையும் வராது. கண்டோன்மெண்ட் வாசலில் சைக்கிளைத் திருப்பினேனே, அதே புத்திதான் மறுபடியும் ஹேண்டில்பாரைப் பிடித்தது. ஆனால் இந்தத் தடவை அவர் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் இருந்த பாரம் என்னுடையது.

"நான் கேக்கலைம்மா" என்றேன். "உங்க பொண்ணை நான் கேக்கவே இல்லை. கேட்டேன்னு டாக்டருக்குப் பொய் எழுதினேன். அவ இல்லைன்னு சொல்லவே இல்லை."

அவர் அழுவார், கத்துவார், சபிப்பார் என்று எதிர்பார்த்தேன். சபித்திருந்தால் தலைகுனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவ பொய் சொல்லலையா?"

"இல்லைம்மா."

"கேட்டிருந்தேள்னா சொல்லியிருப்பாளா?"

"தெரியலை."

"என்னன்னு கேட்டிருப்பேள்? கேளுங்கோ. என்னை அவன்னு நினைச்சுண்டு ஒரு தரம் கேளுங்கோ."

அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, நாற்காலிக்கு இந்தப் பக்கம், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று கேட்டேன். "சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கினதுண்டாம்மா?"

"இல்லை" என்றார்.

பாடம் ஒப்பிக்கிற குரல். ஏழு வருஷமாக என் காதில் விழுந்துகொண்டிருந்த அதே குரல்.

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதான் நான் சொல்லிக் குடுத்தது" என்றார். "இப்படித்தான் சொல்லியிருப்பா. ஆனா அவளுக்குப் பொய் வராது டாக்டர். ஒரு சின்னப் பொய் சொன்னாலும் மூஞ்சி அப்படியே காட்டிக் குடுத்துடும். காதெல்லாம் சிவந்து போயிடும். நீங்க கேட்டிருந்தா, அவ என்ன சொன்னாலும், மூஞ்சியைப் பார்த்தே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நாற்காலியிலிருந்து இறங்கி, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். பல்லை என்னிடம் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் இருக்கச் சொல்லவில்லை. சுவரில் இருந்த சட்டங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்று மத்தியானமே அவற்றைக் கழற்றிவிட்டேன். உறையூர்க்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு யாருக்காகவும் அவர் கையெழுத்துப் போடவில்லை. எனக்குக் குறிப்பும் எழுதித் தரவில்லை.

அந்தக் குரல் அதோடு நின்றுவிட்டது. இல்லை என்று அதற்குப் பிறகு யார் சொன்னாலும் அவர்கள் குரல்தான் கேட்டது. நானும் கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன். தொழிலை விட்டு வந்த பிறகும் அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தடவையாவது நினைவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். கால் மணி நேரம் ஒரு முழம் தூரத்தில் இருந்த முகம் அது. கண்ணை மூடிக்கொண்டால், கீழ்த்தாடை, இடது பக்கம், இரண்டாவது கடைவாய்ப்பல். அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை.